உறி போதுமா?

காட்டு வழியே நடந்து செல்வோர் தம் உணவை விலங்குகளிடமிருந்து காத்துக்கொள்வது எப்படி? மலையேற்றக் கையேடுகள் இக்கேள்விக்கு நெடுங்காலமாகச் சொல்லி வந்த விடை ஒன்று உண்டு. உணவு மூட்டையைக் கயிற்றில் கட்டி, மரக்கிளையில் உயரத் தொங்கவிட வேண்டும் என்பதே அது. இதனை மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. நம் பாட்டிமார் அடுக்களை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட உறியும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். பால், தயிர், வெண்ணெய், மீந்த சோறு ஆகியவை உறியில் ஏறியதால் பூனைக்கும் எலிக்கும் எட்டாமல் இருந்தன.

சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாழ்வோருக்கும் இக்கேள்வி உரியதே. புரட்டாசி மாதத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து நடந்தே திருமலைக்குச் செல்வோர் உண்டு. கார்த்திகையிலும் மார்கழியிலும் இருமுடி தாங்கிச் சபரிமலைக்குப் புறப்படுவோரும் உண்டு. கல்லூரி மாணவர்களோ விடுமுறை வந்தால் நாகலாபுரம், தடா மலைகளுக்குக் கிளம்பி விடுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்து வைத்தது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அவற்றுள் ஒன்று. இவர்கள் எல்லோருடைய தோளிலும் சிறிதேனும் உணவு இருக்கிறது. இவர்கள் நடக்கும் வழிகள் பலவும் விலங்குகள் வாழும் இடங்கள்.

ஆகவே 'தொங்க விடுக' என்னும் அறிவுரையை எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. அதனிடம் மூன்று கேள்விகளைக் கேட்போம். உறியைக் காட்டில் கட்டுவது எவ்வளவு எளிது? எந்த விலங்கை அது தடுக்கும், எதைத் தடுக்காது? தடுக்கத் தவறினால் என்ன நேரும்? முதலிரண்டு கேள்விகளைப் பலரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர் குறைவு. உண்மையில் அதுவே தலையாய கேள்வி.

கண்ணன் கண்ட குறை

உறியின் குறைகளை முதலில் எடுத்துக்காட்டியவன் கண்ணன் என்று சொன்னால் அது வேடிக்கைப் பேச்சாகாது. கோகுலாஷ்டமி நாளில் நாம் வீட்டில் வைக்கும் படத்தைப் பக்தியோடு பார்த்த பிறகு, ஒருமுறை விஞ்ஞான மாணவனின் கண்ணோடும் பாருங்கள். பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் ஆய்ச்சியர் யசோதையிடம் வந்து முறையிடுகிறார்கள். பானை கைக்கு எட்டாவிட்டால் மணையையும் உரலையும் அடுக்கி ஏறுகிறான். அதுவும் போதாவிட்டால் உறியில் தொங்கும் பானையில் துளையிட்டு விடுகிறான். திருடியதைக் குரங்குகளுக்கும் பங்கிடுகிறான் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

இம்முறையீட்டில் உறியைப் பற்றிய முழுமையான விமரிசனம் அடங்கியிருக்கிறது. உறி எதனை நம்பியிருக்கிறது? உயரத்தை நம்பியிருக்கிறது, மெல்லிய கயிற்றை நம்பியிருக்கிறது, தொட்டால் ஊசலாடும் தன்மையை நம்பியிருக்கிறது. பூனையால் ஊசலாடும் மெல்லிய கயிற்றைப் பற்றி இறங்க முடிவதில்லை. எனவே பூனையிடம் உறி வென்றது. ஆனால் கையுள்ள, ஏறத் தெரிந்த, ஒரு வழி அடைபட்டால் மறு வழி தேடுகின்ற ஓர் உயிரிடம் அது தோற்றது. கண்ணனுக்குத் துணை நின்ற குரங்குகளும் அத்தகைய உயிர்களே. அடுக்களைப் பகைவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவியைக் காட்டு விலங்குகளுக்கு எதிராக நிறுத்தும்போது இந்த வேறுபாட்டை நாம் மறந்து விடுகிறோம்.

கயிற்றின் கணக்கு

இனி முதற் கேள்விக்கு வருவோம். கிளையில் தொங்கவிட்டால் குரங்கும் கரடியும் கிளை வழியே வந்து விடுமே என்று கருதியவர்கள், இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதன் நடுவில் மூட்டையைத் தொங்கவிடச் சொன்னார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் இடர்ப்பாடு தெரியும்.

இரு மரங்களுக்கும் இடையே 6 மீட்டர் தூரம் என்று கொள்வோம். மூட்டையின் நிறை 10 கிலோகிராம். அதன் எடை ஏறத்தாழ 98 நியூட்டன். மூட்டை நடுவில் தொங்கும்போது கயிற்றின் இரு பாதிகளும் கிடைமட்டத்துக்குச் சற்றே கீழ்நோக்கிச் சாய்கின்றன. அச்சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பை இரண்டால் பெருக்கி, அதனால் எடையை வகுத்தால் கயிற்றிலுள்ள இழுவிசை கிடைக்கும்.

நடுப்பகுதி 1 மீட்டர் தாழ்ந்து தொங்கினால் இழுவிசை சுமார் 155 நியூட்டன். அதாவது 16 கிலோகிராம் பளுவைத் தூக்குவதற்குச் சமம். ஒருவர் இழுத்துக் கட்டிவிடலாம். ஆனால் மூட்டை உயரமாக நிற்க வேண்டும் என்று கயிற்றை விறைப்பாக இழுத்து, தாழ்வை 15 சென்டிமீட்டராகக் குறைக்கப் பார்த்தால் இழுவிசை சுமார் 980 நியூட்டனாகி விடுகிறது. அது 100 கிலோகிராம் பளுவைத் தூக்குவதற்குச் சமம். மூட்டையின் எடையோ பத்தில் ஒரு பங்குதான்! தாழ்வே இல்லாமல் கட்டுவதற்கு எவ்வளவு விசை போட்டாலும் போதாது. கொடிக்கயிற்றில் ஈரத்துணி காயப்போடும் ஒவ்வொரு வீட்டிலும் இந்த உண்மை நாள்தோறும் மெய்ப்பிக்கப்படுகிறது.

இதன் பொருள் என்ன? களைத்துப்போன நடைப்பயணி, மாலை மங்கும் வேளையில், கையிலுள்ள கயிற்றைக் கொண்டு 4 மீட்டர் உயரத்தில் கட்டினாலும், கயிறு தாழும். அதன் கீழே மூட்டையின் நீளமும் சேரும். மூட்டையின் அடிப்பகுதி இரண்டரை மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். வளர்ந்த ஆண் யானை நின்றபடியே துதிக்கையை உயர்த்தினால் 4 மீட்டருக்கு மேலும் எட்டும். அதற்கு இந்த உறி, பந்தியில் இலை போட்டுப் பரிமாறியதைப் போன்றது.

கயிறும் ஒரு பாதையே என்பது மற்றொரு குறை. நம் நாட்டுக் குரங்கின் நிறை பெரும்பாலும் 4 முதல் 9 கிலோகிராமுக்குள் இருக்கும். 10 கிலோகிராம் மூட்டையைத் தாங்கும் கயிறு குரங்கையும் தாங்குவதில் வியப்பில்லை.

அமெரிக்கக் கரடிகள் நடத்திய பாடம்

இந்தக் குறைகளை விலங்குகள் கண்டுகொள்ளுமா என்று ஐயுறுவோர் அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் நடந்ததை அறிய வேண்டும். அங்குள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில், பயணிகள் வேடிக்கை பார்ப்பதற்கென்றே கறுப்புக் கரடிகளுக்குக் குப்பைக் கழிவைத் தீனியாகப் போட்டு வந்தார்கள். அவ்வழக்கம் 1940 வாக்கில் நின்றது. கரடிகளோ மனித உணவின் சுவையை மறக்கவில்லை. நடைப்பயணிகளுக்கு உறி முறை கற்பிக்கப்பட்டது. கரடிகள் கயிற்றைக் கடித்து அறுக்கக் கற்றன. பெரிய கரடியைத் தாங்காத மெல்லிய கிளைகளில் குட்டிகள் ஏறின. 1998ஆம் ஆண்டில் மட்டும் அப்பூங்காவில் கரடிகளால் 1,500க்கும் மேற்பட்ட சேத நிகழ்ச்சிகள் பதிவாயின. அவற்றுள் பெரும்பாலானவை உணவு வைத்திருந்த கார்களை உடைத்துத் திறந்தவை.

இறுதியில் பூங்கா நிர்வாகம் உறியைக் கைவிட்டது. இன்று அங்கே உணவைத் தொங்கவிடுவது சட்டப்படி குற்றம். அதற்குப் பதிலாக, கெட்டியான உருளை வடிவப் பெட்டியை ஒவ்வொரு நடைப்பயணியும் சுமக்க வேண்டும். அதில் பிடி கிடையாது, விளிம்பு கிடையாது. பரப்பு வழவழப்பானது; பருமனோ கரடியின் வாய்க்குள் அடங்காதது. வளைந்த பரப்பில் பல் பதியாமல் வழுக்கி விடுகிறது. மேலே ஏறி அழுத்தினாலும் வளைவு அந்த விசையைச் சுற்றிலும் பரப்பி விடுகிறது. மூடியை ஒரு நாணயத்தால் திருகித் திறக்கலாம், நகத்தால் முடியாது. இந்தப் பெட்டியும், ஆங்காங்கே வைக்கப்பட்ட இரும்பு அலமாரிகளும், பயணிகளுக்குத் தந்த அறிவுரையும், கடுமையான கண்காணிப்பும் சேர்ந்து சேதத்தைப் பல மடங்கு குறைத்து விட்டன.

அப்படியானால் பெட்டியே முடிவான விடையா? அதையும் விமரிசிக்காமல் விட முடியாது. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில் ஒரு பெண் கரடி இருந்தது. அதன் காதுகளில் மஞ்சள் அடையாளத் துண்டுகள் இருந்ததால் 'மஞ்சள்-மஞ்சள்' என்றே அதற்குப் பெயர். உருவில் சிறியது, கூச்சம் உடையது. ஒருவகைப் பெட்டியின் மூடியில் அழுத்தித் திருப்ப வேண்டிய மேடு ஒன்று இருந்தது. இக்கரடி அதைப் பல்லால் அழுத்தித் திறக்கக் கற்றுக்கொண்டது. தயாரித்தவர்கள் மேடுகளை இரண்டாக்கினார்கள். அதையும் அது திறந்து விட்டது. 2012இல் அக்கரடி வேட்டைக்காரர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தது.

நம் காடுகள் வேறு

அமெரிக்கப் பெட்டியை விலைகொடுத்து வாங்கி வந்தால் நம் குறை தீர்ந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். நம் காடுகளின் தன்மை அவர்களுக்கு மறுப்பாக நிற்கிறது. கறுப்புக் கரடியின் பல்லையும் நகத்தையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்ட பெட்டியின்மேல் 4,000 கிலோகிராம் நிறையுள்ள யானை கால் வைத்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

யானையின் முன் உயரமும் உறுதியும் மட்டுமன்றி, மறைவும் பயன்படுவதில்லை. மணத்தை அறியும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மனிதனிடம் சுமார் 400. நாயிடம் சுமார் 800. ஆப்பிரிக்க யானையிடமோ சுமார் 2,000. தாய்லாந்தில் ஆசிய யானைகளைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மூடிய இரு வாளிகளுள் எதில் சூரியகாந்தி விதை அதிகம் இருக்கிறது என்பதை மணத்தைக் கொண்டே அவை தேர்ந்து சொல்லின. பாலித்தீன் பையில் கட்டினால் மணம் வெளியே போகாது என்று நம்புவோர், பெருங்காயத்தைப் பாலித்தீன் பையில் கட்டி அலமாரியில் வைத்து மறுநாள் கதவைத் திறந்து பார்க்கட்டும். பாலித்தீன் நீரைத் தடுக்கும். மணப்பொருள்களின் மூலக்கூறுகளோ அதன் ஊடே ஊர்ந்து வெளியேறி விடும்.

நம் கரடி மரமேறித் தேனடையை எடுப்பது. நீலகிரியில் அது வீடுகளிலும் கோயில்களிலும் புகுந்து எண்ணெயைக் குடித்துச் செல்லும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. நாட்டுக் குரங்குக்கோ கையும் உண்டு, கூட்டமும் உண்டு, பகல் முழுதும் பொழுதும் உண்டு. பாட்டில் மூடியைத் திருகித் திறக்கும் குரங்கை மலைக்கோயில்களில் பலர் பார்த்திருப்பார்கள்.

ஆக, எல்லா விலங்குகளையும் தடுக்கும் ஒரே கருவி நமக்கு இல்லை. இப்போதுதான் மூன்றாவது கேள்வி முன்னால் வருகிறது.

பத்தில் ஒரு முறை தோற்றால்

உறி பத்து இரவுகளில் ஒன்பது இரவுகள் உணவைக் காத்து, ஓர் இரவு மட்டும் தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று நாம் அதைப் பாராட்டுவோம். விலங்கின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னரும் அவருடைய துணைவர்களும் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார்கள். புறா ஒரு தட்டைக் கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு முறையும் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிட்டது. எப்போதோ ஒருமுறை மட்டும் தானியம் பெற்றுப் பழகிய புறாவோ, தானியம் அறவே நின்ற பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. லாட்டரிச் சீட்டு வாங்கிப் பழகியவர் மனநிலையும் இத்தகையதே.

எனவே பத்தில் ஒருமுறை தோற்கும் பாதுகாப்பு ஒன்பது பங்கு நன்மையும் ஒரு பங்கு தீமையும் உடையது என்று கொள்வது தவறு. விடாமுயற்சியை விலங்குக்குக் கற்பிக்க அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. இழந்தவர் ஒரு வேளை உணவோடு தப்பித்துக் கொள்கிறார். கற்றுக்கொண்ட விலங்கை எதிர்கொள்பவர் அடுத்து வருபவர். கற்றதன் விலையைக் கொடுப்பது அந்த விலங்கே.

நம் விலங்குகளும் இவ்வாறு கற்கின்றன. பந்திப்பூரில் நாட்டுக் குரங்குகளை ஆராய்ந்த பெங்களூர் ஆய்வாளர்கள், அவை மனிதரைப் பார்த்துத் தனிவகை ஒலி எழுப்பியும் கையை நீட்டியும் உணவு கேட்பதை 2018இல் விவரித்தார்கள். மனிதர் கையில் உணவைக் கண்டு கண்டு அவை பயின்ற மொழி அது.

கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்துப் பழகிய யானைக்கு 'அரிக்கொம்பன்' என்று பெயர் வந்தது. 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது தமிழ்நாட்டின் கம்பம் நகருக்குள் வந்தது. அங்கே காயமடைந்த ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூனில் அதை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு சென்றார்கள். கரடிக்குத் துப்பாக்கி, யானைக்கு நாடு கடத்தல்! இரண்டின் குற்றமும் ஒன்றே: மனித உணவு எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்டன.

அலிபிரிப் படிகளில்

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு, நம் புறநகர் மக்கள் அதிகம் நடக்கும் மலைப் பாதைக்கு வருவோம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் வழியில் சுமார் 3,550 படிகள் இருக்கின்றன. வழி நெடுகச் சேஷாசலக் காடு. 2023 ஜூனில் இப்பாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்றது. அவன் காயத்தோடு மீட்கப்பட்டான். ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்தாள். அதன் பின் தேவஸ்தானம் நடந்து வருவோருக்குக் கைத்தடி கொடுத்தது. சிறுவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்தது. கூட்டமாகச் செல்லுமாறு கூறியது. விலங்குகளுக்கு உணவளிப்பதையும், கடைகள் கழிவைக் கொட்டுவதையும் தடை செய்தது.

இவற்றுள் செய்தித்தாள்களிலும் பேச்சிலும் மிகுதியாக இடம்பெற்றது கைத்தடியே. என் மதிப்பீட்டில் கடைசியில் சொன்ன தடைதான் முதன்மையானது. சிறுத்தை வாழைப்பழத்தைத் தேடி வருவதில்லை. வாழைப்பழத்துக்குக் குரங்கு வருகிறது. எச்சில் இலைக்கு நாயும் பன்றியும் வருகின்றன. இவை சிறுத்தையின் இரை. நாம் போடும் உணவின் பயணம் குரங்கின் வாயோடு முடிவதில்லை. கைத்தடி ஓர் உறியைப் போன்றது. அது ஏந்தியவரைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறது. உணவுத் தடையோ பின்னால் வருபவரையும் எண்ணிப் பார்க்கிறது.

'வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி போட்டால் புண்ணியந்தானே?' என்று கேட்பவர்களின் இரக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காட்டுக் குரங்குக்கு அத்தியும் ஆலம்பழமும் தளிரும் பூச்சியும் காடே தருகிறது. நம் ஒரு பிடி அதன் பசியைத் தீர்ப்பதைவிட, நாளை ஒரு குழந்தையின் கைப்பையைப் பறிக்கக் கற்பிப்பதே உறுதி.

செய்யத் தக்கவை

நடப்பவர் என்ன செய்யலாம்? உண்ணப் போகும் அளவுக்கு மேல் உணவு கொண்டு செல்லாதிருப்பது முதற்காவல். பழுத்த வாழை, பலாச்சுளை, வறுத்த பண்டங்கள் ஆகியவற்றைவிட அவல், சத்துமாவு போன்ற மணம் குறைந்த உலர் உணவு நல்லது. கையில் தொங்கும் பாலித்தீன் பை குரங்குக்கு அழைப்பிதழ். உணவை இறுகிய மூடியுள்ள எவர்சில்வர் சம்புடத்தில் வைத்து, முதுகுப் பையின் நடுவில் பொதிந்து கொள்க. பாதையில் பையைத் திறக்காமல், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், இருட்டுவதற்கு முன் உண்டு முடிக்க வேண்டும். தோலும் எச்சிலும் பையிலேயே திரும்பி வரட்டும். வாழைப்பழத் தோல் மட்கிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் மட்குவதற்கு முன்பே அது பாடம் நடத்தி விடும்.

பெரியாறு புலிகள் காப்பகத்தின் வழியாக எருமேலி, அழுதை, கரிமலைப் பாதையில் செல்வோர் இரவில் அனுமதிக்கப்பட்ட தாவளங்களிலேயே தங்க வேண்டும். இருமுடியின் பின்முடியில் வழியுணவைக் கட்டுவது மரபு. அந்த உணவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு திறந்த வெளியில் உறங்குவது ஆபத்து.

இவ்வளவுக்கும் பிறகு குரங்கு பையைப் பற்றிவிட்டால் இழுபறி செய்யாமல் விட்டு விடுங்கள். உயிர் பெரிது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஆனால் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு பையும் ஒரு வெற்றிப் பரிசாகிவிடுகிறது என்பதையும் மறக்கலாகாது. எனவேதான் காவல் பாதையில் தொடங்கினால் போதாது, வீட்டில் மூட்டை கட்டும்போதே தொடங்க வேண்டும்.

உறியை நாம் இகழ வேண்டியதில்லை. அது தனக்கு இட்ட பணியை நம் அடுக்களைகளில் பல நூற்றாண்டுகள் செம்மையாகச் செய்திருக்கிறது. பூனை தயிரைக் குடித்தால் ஒரு வீட்டில் ஒரு வேளைத் தயிர் போகும், அத்துடன் சரி. காட்டில் ஒருவர் இழக்கும் ஒரு பொட்டலத்தோடு கணக்கு முடிவதில்லை. அங்கே நாம் காக்க வேண்டியது உணவை மட்டுமன்று. மனித உணவு எத்தகையது என்று இன்னும் அறியாத விலங்கின் அறியாமையையும் காக்க வேண்டும். ஒருமுறை அது போய்விட்டால், அதைத் திரும்பக் கட்டித் தொங்கவிட எந்தக் கயிறும் இல்லை.